அல்சாஸா, பரோசாவா? அப்பாவுடன் ஒரு திராட்சைச் சாலைப் பயணம்

எங்கள் வீடு குமுளியில். அப்பாவின் திராட்சைப் பந்தல் மலைக்குக் கீழே, சுருளிப்பட்டியில். நாற்பது வருடமாகக் கவாத்து செய்கிறவருக்கு, வேறு நாட்டுக் கொடியை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நான், மனைவி, ஐந்தாவதும் இரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள், அப்பா என ஐந்து பேர். வாடகைக் கார், நான்கைந்து நாள். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அதனால் எந்த ஊர் ஒயின் நல்லது என்பது எங்களுக்குத் தேவையே இல்லை. கொடியையும் மண்ணையும் எங்கே கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு.

முதலில் தென்னாப்பிரிக்காவைத்தான் நினைத்தேன். கேப்டவுனிலிருந்து 50 கிலோமீட்டரில் ஸ்டெல்லன்போஷ் என்ற திராட்சைத் தோட்ட ஊர் இருக்கிறது. இன்னும் உள்ளே போனால் ஹெக்ஸ் ரிவர் பள்ளத்தாக்கு. அங்கே விளைவது நம் கம்பம் போலச் சாப்பிடுகிற திராட்சை. ஆனால் பிள்ளைகள் கேரளப் பள்ளியில் படிக்கிறார்கள். முதலில் யோசித்தது ஆகஸ்ட்-செப்டம்பரில் வரும் ஓண லீவைத்தான். அப்போது அங்கே கொடி இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் சீசன் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. குளிர் நாடுகளில் வருடத்துக்கு ஒரே அறுவடை. தென் ஆஸ்திரேலியாவின் பரோசாவில் அது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. பிரான்சின் அல்சாஸில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை. ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளி லீவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: ஏப்ரல் லீவென்றால் பரோசா, ஓண லீவென்றால் அல்சாஸ்.

வசதி என்று பார்த்தால் பரோசாதான் முதலில் நிற்கும். விசாவுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சாலையில் நம்மைப் போலவே இடது பக்கம். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாப் பயணிக்கு அதுவே போதும். கொச்சியில் ஏறி சிங்கப்பூரில் மாறினால் அடிலெய்டு. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டனுண்டா, ஆங்காஸ்டன், நுரியூட்பா எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சமையலறையோடு தங்கும் அறைகள் கிடைப்பதால் அப்பாவுக்குச் சோறு வடித்துவிடலாம். பொழுது சாய்ந்தபின் கங்காரு குறுக்கே பாயும், மெதுவாக ஓட்ட வேண்டும். லோயர் கேம்ப் மலைப்பாதையில் இரவில் ஏறி இறங்கிய நமக்கு அது புதிதில்லை.

பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அணை இருக்கிறது. வளைந்த சுவரின் ஒரு முனையில் காதோடு பேசுவதுபோல் பேசினால், நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறவருக்குத் தெளிவாகக் கேட்கும். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு 1895இல் முடிந்தது. இது அதற்குச் சில வருடம் பின்னால் எழுந்தது. பெரியாற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்கிற குடும்பம் என்பதால் அந்தச் சுவரைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. அப்பாவுக்கோ வேறொன்று. 1843இல் நட்ட ஷிராஸ் ரகத் திராட்சைக் கொடி அங்கே இன்னும் காய்க்கிறது என்று சொன்னதும் நம்பவே மாட்டேன் என்றுவிட்டார். நம் பக்கம் இருபது வருடம் தாண்டினாலே கிழட்டுக் கொடி.

அந்தக் கொடி அவ்வளவு நாள் பிழைத்ததற்குக் காரணம்தான் எங்கள் முடிவையே மாற்றியது. வேரை உறிஞ்சிக் கொல்லும் ஃபைலாக்ஸரா என்ற சிறு பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. தென் ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்றுவரை வரவில்லை, வரவிடாமல் காக்கிறார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணில்கூட அது வந்துவிடும் என்பதால், வெளியாள் கேட்காமல் வரிசைக்குள் கால் வைக்கக் கூடாது. எங்கள் அப்பாவோ பந்தலைப் பார்த்தால் கால் தானாக உள்ளே போகிற ஆள். விமான நிலையத்திலும் தோட்டத்துக்குப் போய் வந்தவர் என்று எழுதிக் கொடுத்து, செருப்பைக் காட்ட வேண்டும். அவர்கள் செய்வது முழுக்கச் சரி. தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு அது புரியும். ஆனால் இவ்வளவு தூரம் போய், அவர் வேலிக்கு வெளியே நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

அல்சாஸ் இதற்கு நேர்மாறு. அங்கே ஒயின் சாலை என்று 1953இல் திறந்த வழி ஒன்று, மார்லன்ஹைமிலிருந்து ‘தான்’ (Thann) என்ற ஊர் வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓடுகிறது. பல ஊர்களில் தோட்டத்தின் நடுவே நடப்பதற்கென்றே பாதை போட்டு, எது என்ன ரகம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அறுவடை நெருங்கினால் சில பாதைகளை மூடுவார்கள். ஓணம் சீக்கிரம் வருகிற வருடமென்றால் அந்தக் கவலை குறைவு. ஃபைலாக்ஸராவுக்குப் பின் ஐரோப்பாவில் அமெரிக்க வேர்மேல் ஒட்டுக் கட்டித்தான் கொடி வளர்க்கிறார்கள். அந்த ஒட்டு முடிச்சை அப்பா குனிந்து பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். அல்சாஸிலும் மஸ்கட் வகைகள் உண்டு. அந்தப் பன்னீர் வாசத்தை அவர் அங்கே கண்டுபிடிப்பார் என்று நம்புகிறேன்.

சிரமமும் இங்கேதான் அதிகம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும், பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். சாலையில் வலது பக்கம். ஆட்டோமேட்டிக் கார் என்று கேட்டு முன்பதிவு செய்யாவிட்டால் கியர் வண்டிதான் தருவார்கள். வலக்கையால் கியர் மாற்றுவது ஒருநாள் தடுமாற வைக்கும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பின்னால்தான், அதற்கான இருக்கையில். சாப்பாட்டில் வெங்காயமும் க்ரீமும் தடவிச் சுட்ட மெல்லிய ரொட்டி எங்கும் உண்டு. அதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், வேண்டாம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. கொச்சியிலிருந்து வளைகுடா வழியாக சுவிட்சர்லாந்தின் சூரிக். அங்கே கார் எடுத்தால் அல்சாஸின் கொல்மார் இரண்டு மணி நேரத்துக்குள். கொல்மாரில் சமையலறை உள்ள ஒரே வீட்டில் நான்கு இரவும் தங்கி, தினமும் இரண்டு ஊர். எகிஸ்ஹைம், கைசர்ஸ்பெர்க், ரிக்விர், ரிபோவில்லே எல்லாம் கைக்கெட்டும் தூரம். ரிக்விரில் கார் வெளியே நிற்க வேண்டும், தெருவெல்லாம் கல் பாவியது. அப்பாவின் முழங்காலுக்கு அன்று அரை நாள் போதும். பிள்ளைகளுக்கு ஹுனாவிரில் செங்கால் நாரைகள். 1970களில் பத்து ஜோடிக்கும் கீழே போனதை வளர்த்து மீட்டிருக்கிறார்கள். இப்போது வீட்டுக் கூரைகளில் கூடு கட்டுகின்றன.

லீவு ஏப்ரலில்தான் என்கிற குடும்பத்துக்கு நான் அல்சாஸைச் சொல்ல மாட்டேன். அப்போது அங்கே துளிர் மட்டும்தான் இருக்கும். அவர்கள் ஏப்ரல் முதல் வாரமே பரோசாவுக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் அப்பாவின் பாஸ்போர்ட்டில் பெயர் ஆதாரில் உள்ளது போல இல்லை. அதைத் திருத்த, வரும் வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகிறோம்.