சேஸா, சூவெலா? பெங்கால்ஸின் 5வது தேர்வு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் 2021 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு), சின்சினாட்டியின் பெங்கால்ஸ் அணி ரசிகர்களை இரண்டாகப் பிரித்த கேள்வி இது. 2020 நவம்பரில் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பர்ரோவின் இடது முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அவரைக் காக்க ஒரிகன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் (எதிரணியைத் தடுத்து நிறுத்துபவர்) பெனே சூவெல் வேண்டும் என்றது ஒரு தரப்பு. பர்ரோவோடு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ்தான் வேண்டும் என்றது மறு தரப்பு.

சூவெல் 2019இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் விருது வென்றவர். உடல் பெரிது, ஆனால் கால்கள் வேகம். சேஸ் அதே ஆண்டில் 84 பந்துகளைப் பிடித்து 1,780 கெஜம், 20 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் சென்று புள்ளி பெறுவது) எடுத்தார். இருவருமே 2020இல் ஆடவில்லை.

சூவெல் தரப்பின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஐந்து பேர் நிற்கும் தடுப்பு வரிசையில் ஒருவர் சிறந்தவரானாலும், எதிரணி பலவீனமானவர் வழியாகவே உள்ளே வரும். மைதானத்தில் வெகுதொலைவு ஓடிப் பந்து பிடிக்கும் ரிசீவரோ, தற்காப்பு வீரர்களைப் பின்னுக்கு இழுத்து மற்றவர்களுக்கும் இடம் திறந்துவிடுவார்.

பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. முதல் பருவத்திலேயே 1,455 கெஜம், அணிக்கு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு நுழைவு. பர்ரோவுக்குப் பாதுகாப்பு போதாது என்ற பயம் பொய்யுமில்லை: டென்னசியுடனான பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தில் 9 முறை, சூப்பர் பவுலில் 7 முறை பர்ரோ வீழ்த்தப்பட்டார். 7வதாக டெட்ராய்ட் அணி எடுத்த சூவெலும் ஆல்-புரோ (லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியல்) ஆனார். ஆனாலும் என் ஓட்டு சேஸுக்கே.