சீனப் பிள்ளைகளின் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம்: நங்கநல்லூர் ட்யூஷனில் வைத்துப் பார்த்ததில்

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிற பெற்றோருக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது சீனாவில் காவ்காவ் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வைத்துப் பழகுகிற தொகுப்பைத்தான். முதலில் யாரும் நம்புவதில்லை. ஆங்கிலத்துக்குப் போய் சீனப் புத்தகமா என்று கேட்பார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாக நங்கநல்லூரில் என் வீட்டு மாடியில் நடக்கிற ட்யூஷனில் இதை வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், நல்லது கெட்டது இரண்டும் தெரிந்துவிட்டது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் தோழியின் கணவருக்கு ஷென்ஜெனில் வேலை. ஊருக்கு வந்தபோது அங்கே பள்ளிக்கூடம் பக்கத்துக் கடையில் வாங்கியதாக இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் ஊர் கணக்கு நோட்டைவிடப் பெரிய அளவு, தாள் மெல்லிசு, விடைகள் தனிப் புத்தகமாகப் பின்னால் செருகி இருக்கின்றன. முன்பாதியில் கடந்த வருஷங்களின் உண்மையான தேர்வுத்தாள்களில் வந்த வாசிப்புப் பத்திகள், பின்பாதியில் பதிப்பகத்தாரே தயாரித்த மாதிரிப் பத்திகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: காவ்காவ் என்பது சீனாவில் கல்லூரி நுழைவுக்கான தேர்வு. ஜூன் 7ஆம் தேதி தொடங்கும், 2024இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், இரண்டே மணி நேரம். பல மாகாணங்களுக்குப் பொதுவாக இருக்கிற புதிய முதல் தாளை (New Gaokao Paper I) எடுத்துக்கொண்டால், கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. அந்த ஐம்பதில் நான்கு பத்திகளுக்குப் பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். மிச்சம் பன்னிரண்டரை மதிப்பெண், இடைவெளி விட்ட ஒரு பத்திக்கு. எழுத்துப் பகுதியிலும் 25 மதிப்பெண் ஒரு கதையைப் படித்துவிட்டு அதைத் தொடர்ந்து எழுதுவதற்குத்தான் என்பதால், படித்தது புரியாதவர்களுக்கு அங்கேயும் வழி கிடையாது. நம் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் எண்பதுக்கு 22 வாசிப்புக்கு, 40 இலக்கியப் பாடங்களுக்கு. மாநிலப் பாடத்திட்டத்தில் பாடப்புத்தகத்தையும் ஒரு கைடையும் உருட்டினாலே நிறைய மதிப்பெண் வாங்கிவிடலாம். காவ்காவில் அது நடக்காது, பத்தி எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

பத்திகள்தான் இந்தப் புத்தகத்தின் பெரிய பலம். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் விஷயம் நிறைந்திருக்கும், எல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் இணையதளங்களிலும் வந்ததைச் சுருக்கித் திருத்திப் போட்டவை. முதல் பத்தி வழக்கமாக எளிது, ஓர் அறிவிப்போ விளம்பரமோ: 2021இல் ரோம் நகரத்து விடுதிகள், 2023இல் ஆம்ஸ்டர்டாமில் வாடகை சைக்கிள். போகப்போக ஏறும். 2023 தாளின் நான்காவது பத்தி 1907இல் பிரான்சிஸ் கால்ட்டன் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தொடங்கி, பலர் தனித்தனியாகப் போடுகிற மதிப்பீடுகளின் சராசரி ஏன் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது, அவர்கள் முன்னாடியே பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்று போகிறது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு வரியை மூன்று தடவை படிக்கிறார்கள். 2022இல் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது: விவசாயம் வந்து உணவு மென்மையாக ஆனபிறகு மனிதரின் பற்களின் அமைப்பு மாறி, ஃப மாதிரியான ஒலிகளை உச்சரிப்பது எளிதாயிற்று என்கிற ஆய்வு. அதைப் படித்து முடித்ததும் ஒரு பையன், “மிஸ், அப்போ தமிழ்ல ஏன் அந்தச் சத்தம் இல்லை?” என்று கேட்டான், அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்க அதிலேயே போனது, எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இங்கே விற்கிற பயிற்சி நூல்களில் அதிகம் வருவது என்ன? காலம் பொன் போன்றது, மரம் வளர்ப்போம், கைபேசியின் தீமைகள். பத்தியைப் படிக்காமலே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் பத்தி என்ன சொல்லும் என்று பிள்ளைக்கு முன்னாலேயே தெரியும். வாசிப்புப் பயிற்சி அங்கேயே செத்துவிடுகிறது.

அடுத்தது கேள்விகள். இதைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை இந்தக் கேள்விகள் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கின்றன. 2021 தாளில் வாத்து முத்திரை பற்றி ஒரு பத்தி. வட அமெரிக்காவில் சதுப்பு நிலங்கள் அழிந்து நீர்ப்பறவைகள் குறைந்துபோனபோது, 1934இல் ஒரு சட்டம் போட்டு, பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆன நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு முத்திரை வாங்க வேண்டும் என்றார்கள், அந்தக் காசில் டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலத்தை வாங்கவும் காக்கவும் போகிறது. நங்கநல்லூரிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு தூரம், 2022இல் உலகின் முக்கியச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள். சரி, கேள்வி என்ன? அந்தச் சட்டத்தின் நேரடி விளைவு எது. ‘வேட்டைக்காரர்கள் வேட்டையை நிறுத்திவிட்டார்கள்’ என்று ஒரு விடை இருக்கிறது, ‘அரசுக்குப் பணம் சேர்ந்தது’ என்று இன்னொன்று. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே முதலாவதை அடித்தார்கள். பறவைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மனசு ஆசைப்படுகிறது, கை அதைக் குறித்துவிடுகிறது. ஆனால் பத்தியில் வேட்டை நின்றதாக எங்கேயும் இல்லை, வேட்டைக்காரர்கள் முத்திரை வாங்கிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் விஷயமே.

இப்படித்தான் ஒவ்வொரு தவறான விடையும் திட்டமிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, உலகத்தில் உண்மை, ஆனால் பத்தியில் சொல்லாதது. இன்னொன்று பத்தியின் சொற்களையே எடுத்து வேறு எதனோடோ ஒட்டவைத்தது. தலைப்பு கேட்கிற கேள்வியில் ஒரு பாராவுக்கு மட்டும் பொருந்துகிற தலைப்பு கட்டாயம் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் ட்யூஷனில் ஒரு விதி வைத்துவிட்டேன்: விடையைக் குறித்தால் போதாது, அதற்கு ஆதாரமான வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட வேண்டும், கோடு இல்லாத விடை சரியாகவே இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. முதல் மாதம் முனகினார்கள். இப்போது பள்ளியில் பாடப் பத்தி படிக்கும்போதும் கோடு போடுகிறார்களாம், ஒரு பெண்ணின் அம்மா சொன்னார், அவள் வாட்ஸப்பில் வருகிற செய்திக்குக்கூட “இதுல எங்கம்மா அப்படிப் போட்டிருக்கு?” என்று கேட்கிறாளாம். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஏழில் ஐந்து என்று ஒரு பகுதி இருக்கிறது. பத்தியில் ஐந்து இடங்களில் வாக்கியத்தை எடுத்துவிட்டிருப்பார்கள், கீழே ஏழு வாக்கியங்கள், இரண்டு வேண்டாதவை. பார்க்கச் சுலபமாக இருக்கும், உட்கார்ந்தால்தான் தெரியும். முந்தைய வாக்கியத்தில் பன்மையில் எதைச் சொன்னார்கள், அடுத்து வருகிற ‘அவை’ எதைக் குறிக்கிறது, ‘ஆனால்’ என்று தொடங்கினால் அதற்கு முன்னால் அதற்கு எதிரான கருத்து இருக்க வேண்டுமே, இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன உறவு என்று யோசிக்கவைக்கிற பயிற்சி நம் பாடத்திட்டத்தில் அபூர்வம். குழப்பிப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துகிற கேள்வி உண்டு, ஆனால் இவ்வளவு நுணுக்கம் அதில் கிடையாது. இன்னொரு பலனும் கிடைத்தது: இதைப் பழகிய பிள்ளைகளின் கட்டுரைகளில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வர ஆரம்பித்திருக்கின்றன. இந்த ஒரு பகுதிக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

கதையைத் தொடர்ந்து எழுதுகிற பகுதியும் எங்கள் வகுப்பில் பெரிய வெற்றி. 2024இல் வந்த கதையில் ஒருவர் வியன்னாவில் விமானம் இறங்கி பிராக் போகிற பஸ்ஸைப் பிடிக்க டாக்ஸியில் விரைகிறார், ஓட்டுநர் கூந்தர். இரண்டு பாராக்களின் முதல் வரியை மட்டும் கொடுத்துவிடுவார்கள், மிச்சத்தை சுமார் 150 சொற்களில் நாம் எழுத வேண்டும். ஓட்டுநரின் குணம் என்ன என்று கதையில் வைத்திருக்கிற சின்னச்சின்னக் குறிப்புகளைப் பிடிக்காதவர்கள் எழுதியது கதையோடு ஒட்டவே இல்லை, பிடித்தவர்கள் எழுதியதைப் படிக்க அவ்வளவு அழகாக இருந்தது.

இனி குறைகள், இதில் மறைக்க எதுவுமில்லை. விடைகளின் விளக்கம் முழுக்கச் சீன மொழியில். ஏ, பி, சி, டி எது சரி என்று மட்டும்தான் நமக்குப் புரியும், ஏன் சரி என்பதைக் கைபேசி கேமராவில் மொழிபெயர்த்துத்தான் படிக்க வேண்டும், அது பல இடங்களில் தலைகால் புரியாமல் வரும். சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இல்லாமல், பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்க இது உதவாது. பத்திக்கு உள்ளேயும், பாடத்திட்டத்தில் இல்லாத கடினமான சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீனத்தில் அர்த்தம் போட்டிருப்பார்கள், அங்குள்ள பிள்ளைக்கு அது சலுகை, நம் பிள்ளைக்கு முட்டுக்கட்டை. நான் ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் அந்த இடங்களில் ஒரு சின்ன வெள்ளைத்தாள் ஒட்டி எளிய ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதிவிடுகிறேன், வேலை அதிகம்தான்.

பெரிய குறை பின்பாதி. பதிப்பகத்தாரின் மாதிரிப் பத்திகளில் ஆங்கிலமே சில இடங்களில் நொண்டுகிறது, சில கேள்விகளுக்கு இரண்டு விடைகளுக்காகவும் நியாயமாக வாதாட முடியும், ஒரு இடத்தில் விடைப்பட்டியலில் போட்டிருந்தது பத்திக்கே முரணாக இருந்தது. வாசிப்புப் பயிற்சியில் இது சாதாரணத் தப்பில்லை. ஆதாரத்தைத் தேடிக் கோடு போடு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஆதாரமே இல்லாத விடையைச் சரி என்று எப்படிச் சொல்வது? அதனால் பின்பாதியைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டேன். முன்பாதியில் இருக்கிற உண்மையான தேர்வுத்தாள்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன, அதனால் புத்தகம் வரவழைக்க வழியில்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை, வருஷத்தையும் புதிய முதல் தாள் என்பதையும் போட்டுத் தேடி இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, வாசிப்புக் கேள்விகள் எல்லாமே தேர்ந்தெடுக்கிற விடைகள்தான். சிபிஎஸ்இ தாளில் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதுகிற கேள்விகளும் உண்டு, அதற்கு இது மட்டும் போதாது. நான் பத்திக்கு ஒரு கேள்வியை விடைகள் இல்லாமல் கொடுத்து இரண்டு வரியில் எழுதச் சொல்கிறேன்.

யாருக்கு நல்லது? சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதப்போகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், எல்லாம் பத்தியை வைத்து, அதற்கு முன்னால் இந்தப் பழக்கம் இருந்தால் பெரிய பலம். மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான க்யூட் எழுதுகிறவர்களுக்கும் அப்படியே. தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இதை எடுத்தவுடன் கொடுக்காதீர்கள், மனசு விட்டுப்போகும். அவர்களுக்கு சோங்காவ் தாள்கள் இருக்கின்றன, சீனாவில் ஒன்பதாம் வகுப்பு முடித்து உயர்நிலைக்குப் போக எழுதுவது, பத்திகள் சின்னவை, வாக்கியங்கள் நேரானவை. என்னிடம் வந்த ஒரு மாநகராட்சிப் பள்ளி மாணவி அதில் தொடங்கி சில மாதங்களில் காவ்காவ் தாளின் இரண்டாம் பத்தி வரைக்கும் தைரியமாக வந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் வராது என்று அவள் பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்களாம், அதைக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. அவளிடம் யாரும் படிக்கத் தகுந்த ஒரு பத்தியைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கைபேசியில் படிக்கவிடாதீர்கள், அச்செடுத்துக் கொடுங்கள். 2024 தாளின் மூன்றாவது பத்தியே இதைப் பற்றித்தான், நீளமாகவும் யோசித்தும் படிக்க வேண்டியவை காகிதத்தில்தான் நன்றாகப் பதிகின்றன என்று ஆய்வுகளை வைத்துப் பேசுகிறது, பிள்ளைகளிடம் அதையே முதலில் படிக்கக் கொடுத்துவிட்டால் நாம் தனியாக வாதாட வேண்டியதில்லை. ஒரு தாளின் வாசிப்புப் பகுதி மட்டும் முன்பின்னாக அடித்தால் நான்கைந்து தாளுக்குள் முடிந்துவிடும், எந்த ஜெராக்ஸ் கடையிலும் பெரிய செலவாகாது. 2021இலிருந்து தொடங்குங்கள், வாரத்துக்கு இரண்டு பத்தி போதும், ஒரே நாளில் நான்கையும் திணித்தால் கோடு போடுவதை விட்டுவிட்டுக் குருட்டாம்போக்கில் குறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நேரம் வைத்து எழுதவைப்பதை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மாம்பலம், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் ட்யூஷன் எடுக்கிறவர்கள் யாராவது இதை முயற்சி செய்வதாக இருந்தால், நான் ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதி ஒட்டிய பிரதிகளை எடுத்துக்கொள்ளலாம், ஒரே வேலையை எல்லோரும் தனித்தனியாகச் செய்ய வேண்டாமே.