சுங்கை பூலோ இலவச நடை: முதலைய விடுங்க, சேத்தப் பாருங்க

சிங்கப்பூர்ல சனிக்கிழமை காலைல குடும்பத்தோட வெளிய போனா பர்ஸ் காலியாகாம வீடு திரும்ப முடியாதுன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துல தொண்டூழியர்கள் நம்மள கூட்டிட்டு போய் சுத்திக் காட்டுற நடை இருக்கு, சுத்தமா இலவசம், உள்ள நுழையவும் காசு கிடையாது. தேசியப் பூங்காக் கழகத்தோட (என்பார்க்ஸ்) வெப்சைட்ல எந்தத் தேதில இடம் இருக்குன்னு பாத்து பேர் கொடுத்துட்டு போங்க. என் மார்க் அஞ்சுக்கு நாலரை. அந்த அரை எங்க போச்சுன்னு கீழ சொல்றேன்.

நிறைய பேர் அங்க போறதே முதலை பாக்கத்தான். மெயின் பாலத்துல நின்னுக்கிட்டு ஆளாளுக்கு போன நீட்டி "எங்க, எங்க"ன்னு தேடுவாங்க, தெரியலன்னா பத்தே நிமிஷத்துல "ஒண்ணுமே இல்லப்பா"ன்னு சொல்லிட்டு கிளம்பிடுவாங்க. கைடு கூட போனா அந்தப் பாலத்துக்கு வந்து சேரவே ரொம்ப நேரம் ஆகும், ஏன்னா வழியில இருக்கிற சேத்துல அவ்ளோ விஷயம் நடந்துட்டு இருக்கு, நாமளா போனா அத்தனையும் தாண்டி விறுவிறுன்னு நடந்து போயிருப்போம்.

எங்க குரூப்புக்கு கைடா வந்தது ஒரு வயசான ஆன்ட்டி. தோள்ல ஒரு துணிப் பை, அதுல லேமினேட் பண்ண போட்டோங்க, கழுத்துல பைனாகுலர், கால்ல நல்லா தேஞ்ச ஷூ. மரப்பலகை நடைபாதைல ஏறின உடனே நிறுத்தி, பசங்ககிட்ட "எதுவும் பேசாம ஒரு நிமிஷம் கீழ மட்டும் பாருங்க"ன்னாங்க. முதல்ல வெறும் சேறு. அப்புறம் பாத்தா அந்தச் சேறே அசையுது. இந்தப் பக்கம் ஒரு நண்டு ஒத்தக் கொடுக்கத் தூக்கித் தூக்கி காட்டுது, அந்தப் பக்கம் மட்ஸ்கிப்பர் ரெண்டு வாயப் பொளந்துக்கிட்டு முதுகுத் துடுப்ப விரிச்சு மல்லுக்கு நிக்குது. மீனுதான், ஆனா தண்ணிக்கு வெளியதான் பாதி வாழ்க்கை. செவுளுக்குள்ள தண்ணிய அடக்கி வெச்சுக்கும், ஈரமா இருக்கிற தோல் வழியாவும் மூச்சு விடும், அதனாலதான் அது அப்பப்போ சேத்துல உருண்டு உடம்ப நனைச்சுக்குதுன்னு ஆன்ட்டி சொன்னாங்க. என் பையன் ஒரு பெரிய மட்ஸ்கிப்பர் தன் வளையச் சுத்தி சேத்துல வரப்பு கட்டி சின்னக் குட்டையா வெச்சிருக்கிறதக் கண்டுபிடிச்சான், அதுக்கப்புறம் அவன அங்கிருந்து நகத்துறதே பெரும்பாடு ஆயிடுச்சு.

கொஞ்சம் தள்ளி இடுப்பு உயரத்துக்கு மண்மேடு ஒண்ணு. கரையான் புத்துன்னுதான் எல்லாரும் நினைச்சோம். அது மட் லாப்ஸ்டர்னு சேத்துக்குள்ள வாழுற, இறால் மாதிரி ஒரு பிராணியோட வேலையாம், ராத்திரில அடியில இருந்து சேத்தத் தோண்டித் தோண்டி மேல தள்ளுமாம், வருஷக்கணக்கா தள்ளி அது ஆள் உயரத்தையும் தாண்டிப் போகுமாம். அந்தப் பிராணிய கண்ணால பாக்கிறது ரொம்ப அபூர்வம். நீங்க பாத்திருக்கீங்களான்னு கேட்டேன், ஆன்ட்டி சிரிச்சுட்டு பையில இருந்து போட்டோவ எடுத்துக் காட்டினாங்க, அவ்ளோதான் பதில். எனக்கு அந்த நேர்மை புடிச்சிருந்துச்சு. காசு வாங்குற டூர்ல எல்லாம் எப்பவும் "நேத்து தான் பெருசா ஒண்ணு வந்துச்சு"ன்னு ஒரு கதை இருக்கும்.

எங்க கூட என் மாமியாரும் வந்திருந்தாங்க, முத்துப்பேட்டைக்காரங்க. கோயிலுக்கு கூட்டிட்டு போவாருன்னு பாத்தா காட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டாரு மாப்பிள்ளைன்னு காலைல இருந்தே முகம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆன்ட்டி ஒரு மரத்துகிட்ட நின்னு, இலைய பறிக்காதீங்க, அடிப்பக்கம் விரலால லேசா தடவி நாக்குல வெச்சுப் பாருங்கன்னாங்க, உப்பு கரிச்சுது. வேர் வழியா உள்ள வர்ற உப்ப அந்த மரம் இலை வழியா வெளிய தள்ளிடுதாம். கீழ சேத்துல இருந்து விரல் நீளத்துக்கு வேருங்க நேரா மேல நீட்டிட்டு நிக்குது, அது மூச்சு விடுறதுக்கு. மாமியார் அந்த வேரையும் இலையையும் மாறி மாறிப் பாத்துட்டு, "இது அலையாத்தில்ல மாப்பிள்ள, எங்க ஊர்ல மாட்டுக்கு ஒடிச்சுப் போடுவோம், இந்த உப்புக்கே மாடு ஆசையா திங்கும்"னாங்க. நான் அத இங்கிலீஷ்ல சொன்ன உடனே ஆன்ட்டி குரூப்ப அப்படியே நிறுத்தி இன்னொரு தடவை எல்லாருக்கும் சொல்லச் சொன்னாங்க. முத்துப்பேட்டை மரமும் இதுவும் ஒரே குடும்பம்தான், ரகம் வேற. அதுக்கப்புறம் மாமியார் கடைசி வரைக்கும் முன்வரிசைலதான்! ரைசோபோரான்னு இன்னொரு சதுப்புநில மரத்துல முருங்கைக்காய் மாதிரி நீளமா தொங்குறது காய் இல்ல, மரத்துலயே முளைச்ச கன்னு, விழுந்தா சேத்துல குத்தி நின்னுக்கும், இல்லன்னா அலையோட மிதந்து போய் வேற எங்கயாச்சும் ஊனிக்கும்னு ஆன்ட்டி சொல்லும்போது அவங்கதான் முதல்ல தலையாட்டினாங்க.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், இத யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. போறதுக்கு முன்னாடி கடல் ஏத்த வத்த நேரத்த பாத்துட்டு போங்க. தண்ணி வத்தி இருந்தா மேல சொன்ன சேத்துக் கூத்து எல்லாம் தெரியும். தண்ணி ஏறியிருந்தா சேறு முங்கிடும், நண்டுங்க மரத்துல ஏறி உக்காந்திருக்கும், ஆனா அப்பத்தான் பறவை ஜாஸ்தி. ஏன்னா வெளிய சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவுல இருக்கிற ஜொகூர் நீரிணைப் பக்கம் இரை தேடிட்டு இருந்த பறவைங்களுக்கு சேத்துத்திட்டு முங்கிப் போனா நிக்க இடம் இருக்காது, உள்ள இருக்கிற குளங்களுக்கு வந்துடும். அந்தக் குளமெல்லாம் ஒரு காலத்துல இறால் பண்ணை. பழைய பண்ணைல இருந்த மாதிரியே மதகு வெச்சு தண்ணி மட்டத்த ஏத்தி இறக்கி, பறவை நிக்கிற அளவுக்கு ஆழமில்லாம வெச்சிருக்காங்க. இயற்கை அப்படியே விட்டா தானா இருக்கும்னு நினைச்சா இல்ல, பின்னாடி ஆளுங்க வேலை பாத்துட்டே இருக்காங்க.

வலசைப் பறவைங்களுக்கு செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் சீசன். சைபீரியா பக்கத்துல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போற வழியில இது ஒரு நிறுத்தம். இங்க டிராக்கர் மாட்டி விட்ட பறவைங்கள்ல சிலது இமயமலையையே தாண்டிப் போயிருக்குன்னு கேட்டதும் எங்க குரூப்ல ஒருத்தர் "நாம செக்கின் லக்கேஜ் 30 கிலோவுக்கு சண்டை போடுறோம்"னாரு. ஜூன், ஜூலைல போனா அந்தக் கூட்டம் இருக்காது, ஆனா நாரை, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் வருஷம் பூரா உண்டு. நீர் உடும்பும் அப்படித்தான், பாதையிலயே குறுக்க படுத்திருக்கும், சின்னப் பசங்க முதலைன்னு கத்துவாங்க. நீர்நாய் அதிர்ஷ்டம் இருந்தா.

இந்த இடம் இருக்கிறதே சாதாரண பறவைப் பிரியர்களாலதான். 1986ல அவங்க சேந்து அரசாங்கத்துகிட்ட இந்த இடத்த காப்பாத்துங்கன்னு கேட்டாங்க, 1993ல இயற்கைப் பூங்காவா திறந்தாங்க, 2002ல சட்டப்படி காப்பகம், 2003ல ஆசியான் மரபுடைமைப் பூங்கா. இப்ப 202 ஹெக்டேர். நெலத்துக்கு அடிச்சுக்கிற இந்த ஊர்ல இவ்ளோ பெரிய இடத்த சேத்துக்குன்னு விட்டு வெச்சிருக்கிறது லேசுப்பட்ட விஷயமா என்ன.

சரி அந்த அரை மார்க். வெயில்தான். மரத்தடில நடக்கும்போது ஒண்ணும் தெரியாது, பாலத்துக்கும் கடலோரத்துக்கும் வந்தா மண்டை காயும், அதுவும் ஒன்றரை மணி நேரம் கழிச்சு. கொசு வேற. அப்புறம் எங்க நடை முழுக்க இங்கிலீஷ்தான், ஊர்ல இருந்து வந்த பெரியவங்களோட போனா ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே வரணும், அதுல நமக்கு பாதி போயிடும். தமிழ் பேசுறவங்க யாராச்சும் இங்க தொண்டூழியத்துக்கு பேர் கொடுத்தா முதல் ஆளா நான் வர்றேன். நாலு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களுக்கு இந்த நடை செட்டாகாது, நின்னு நின்னு போறதுல சலிச்சுடும்.

முதலை பாத்தோமா? பாத்தோம், தண்ணிக்கு மேல மூக்கும் கண்ணும் மட்டும், கட்ட மிதக்குற மாதிரிதான் இருந்துச்சு, ஆன்ட்டி ஸ்கோப்ப (பெரிய தொலைநோக்கி) திருப்பிக் காட்டலன்னா தெரிஞ்சே இருக்காது.

போற வழி: கிராஞ்சி எம்ஆர்டில இறங்கி 925 பஸ். காப்பகத்துக்கு ரெண்டு வாசல் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல நல்ல நடை, அதனால எங்க கூடணும்னு வர்ற மெசேஜ ஒழுங்கா படிங்க. தண்ணி பாட்டில், தொப்பி, கொசு மருந்து, பழைய ஷூ. பைனாகுலர் இல்லன்னா பரவால்ல, ஆனா கைடு பக்கத்துலயே ஒட்டிக்கோங்க, காத்தடிச்சா பின்னாடி நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது.