ஜான்சிங்கைப் படிக்க ஒரு கட்டணமில்லா மின்நூலகம்

காட்டுயிர் ஆய்வாளர் ஏ. ஜே. டி. ஜான்சிங் 2024 ஜூன் 7 அன்று பெங்களூரில் காலமானார். இந்நகரத்துத் தமிழர்களிடையே அப்போது சுற்றிவந்த இரங்கல் குறிப்புகளில் பல, நாங்குநேரியில் பிறந்தவர், செந்நாய்களை ஆராய்ந்தவர், டேராடூனில் பணியாற்றியவர் என்பதோடு நின்றுவிட்டன. அவர் காட்டில் எதைப் பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்பதை அவருடைய சொந்த எழுத்திலேயே படிக்க விரும்புகிற, ஆனால் பல்கலைக்கழக அடையாள அட்டை எதுவும் கையில் இல்லாத வாசகருக்கு உதவும் சேவை ஒன்று உண்டு. அது 2006இல் தொடங்கப்பட்ட பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகம்.

உலகின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களும் தாவரவியல் தோட்டங்களும் தங்கள் நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி இங்கே சேர்த்து வைத்திருக்கின்றன. கணக்குத் தொடங்கவோ பணம் கட்டவோ தேவையில்லை. நமக்கு இதில் முக்கியமானது, 1886 முதல் வெளிவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழின் பழைய தொகுதிகள் இங்கே பக்கம் பக்கமாகக் கிடைப்பதுதான். இந்தியக் காட்டுயிர் பற்றி எழுதுகிற எவரும் இந்த இதழைத் தொடாமல் தப்ப முடியாது.

ஜான்சிங்கைத் தேடுபவர் 75ஆம் தொகுதியில், 1978இல் வெளியான குள்ளநரி (இந்திய நரி) பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஒருவர், வகுப்பறைக்கு வெளியே தன் துறையைத் தேடிப் போனதை அந்தச் சில பக்கங்கள் காட்டுகின்றன. சிறு வயதிலேயே, புலி வேட்டைக் கதைகளை எழுதிய ஜிம் கார்பெட்டின் எழுத்தில் ஈடுபட்டவர் என்பது தெரிந்த செய்தி. ஆனால் இக்கட்டுரையில் வேட்டைக் கதையின் சாயல் துளியும் இல்லை.

80ஆம் தொகுதியின் முதல் பக்கத்திலேயே தொடங்கி 57 பக்கங்கள் நீளும் 1983ஆம் ஆண்டுக் கட்டுரைதான் இந்நூலகத்தைத் திறப்பதற்கான முழுமுதற் காரணம் என்பேன். பந்திப்பூரில் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றும் அவற்றின் இரை விலங்குகளும் ஒரே காட்டை எப்படிப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன என்பது அதன் பொருள். 1976 முதல் 1978 வரை அவர் அங்கே களப்பணி செய்தார். தானியங்கிக் கேமராக்களோ, கழுத்தில் மாட்டும் ரேடியோ கருவிகளோ இந்தியக் காடுகளில் பரவலாகாத காலம் அது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில் 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் புலிகளையும் மான்களையும் பற்றிச் செய்த ஆய்வு முன்மாதிரியாக இருந்தது என்றாலும், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியை முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர் என்று ஜான்சிங்கையே சொல்கிறார்கள். செந்நாய்களின் முதன்மையான இரை புள்ளிமான் என்பதும், கூட்டத்தில் உள்ள மற்ற செந்நாய்களும் குட்டிகளுக்கு இரையைக் கக்கிக் கொடுத்து வளர்ப்பதில் பங்கேற்கின்றன என்பதும் அவருடைய களப்பணியால் உறுதிப்பட்ட செய்திகளுள் அடங்கும். வார இறுதியில் மைசூரு வழியாகப் பந்திப்பூருக்குக் கிளம்பும் பெங்களூர்வாசிகள் இக்கட்டுரையின் பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ள முடியும். ஜீப்பில் அமர்ந்து புலிக்காக மட்டும் காத்திருப்பதைவிட, இதைப் படித்துவிட்டுப் போகிறவர் மான்கூட்டத்தையும் நின்று பார்ப்பார்.

நூலகத்தின் தனிச் சிறப்பாக நான் மதிப்பது இன்னொரு வசதியை. ஒரு பக்கத்தில் வரும் அறிவியல் பெயர்களை இயந்திரமே இனங்கண்டு பட்டியலிடுகிறது. செந்நாயின் பெயரான குவோன் அல்பைனஸ் என்பதைச் சொடுக்கினால், அப்பெயர் வரும் பிற பக்கங்களும் வந்து நிற்கும். பிரிட்டிஷ் காலத்து வேட்டைக்காரர்கள் செந்நாயைக் கொடியதாகவும், மான்களை அழிக்கும் தொல்லையாகவும் எழுதிய குறிப்புகளை அப்படித்தான் சென்றடையலாம். செந்நாயைக் கொன்றவருக்கு அரசே பணம் கொடுத்த காலத்தின் எழுத்து அது. அதற்கு அருகிலேயே 1983ஆம் ஆண்டின் நிதானமான அட்டவணைகளை வைத்துப் படிக்கும்போது, ஜான்சிங்கின் பணி எந்தப் பகைமைக்கு எதிரே நின்றது என்பது எந்த இரங்கலுரையைவிடவும் தெளிவாகிறது.

குறைகளும் உண்டு. தளம் ஆங்கிலத்தில் இயங்குவதால் தமிழில் தட்டச்சு செய்து தேடிப் பயனில்லை. ஒளிவருடிய பக்கத்திலிருந்து இயந்திரம் பிரித்தெடுக்கும் எழுத்துகளில் பிழைகள் இருக்கும், அட்டவணைகளில் எண்கள் இடம் மாறி நிற்கும். ஆகவே எண்களை எடுத்தாள்பவர் பக்கப் படத்தையே பார்த்து எழுத வேண்டும். கைபேசியைவிடக் கணினித் திரையே இதற்கு ஏற்றது.

இவற்றைவிடப் பெரிய வரம்பு, ஜான்சிங்கின் பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதி இங்கே அகப்படாது என்பதுதான். செந்நாய்களின் இனப்பெருக்கம் பற்றிய 1982ஆம் ஆண்டுக் கட்டுரைகூட வேறொரு பதிப்பகத்தின் ஜர்னல் ஆஃப் சுவாலஜியில் வந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மேலாய்வு, முதுமலையில் பம்பாய்க் கழகத்தின் யானைத் திட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு 1985இல் அவர் டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்து, 2005இல் காட்டுயிர் அறிவியல் புலத்தின் தலைவராக ஓய்வுபெற்றார். அந்த இருபது ஆண்டுகளில் அவர் மாணவர்களை உருவாக்கியதை எந்த நூலகத்திலும் ஒளிவருட முடியாது. உத்தராகண்டின் ராஜாஜி காட்டில் கங்கையின் இரு கரைகளையும் இணைக்கும் சில்லா–மோதிச்சூர் யானை வழித்தடம் பற்றி 1990இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, கட்டணம் கேட்கும் இதழில் இருக்கிறது. ஓர் உயிரினத்தின் நடத்தையை ஆராய்ந்தவர், இரண்டு காடுகளுக்கு இடையிலான குறுகிய நிலத்துக்காக வாதாடுபவராக மாறிய கட்டம் அது. பாதுகாவலராக அவரை அறிய விரும்புபவருக்கு இந்த இழப்பு சிறியதல்ல.

எனவே ஆய்வாளரின் தொடக்க ஆண்டுகளுக்கு இந்த மின்நூலகத்தை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். 1985க்குப் பிறகு வருவதற்கு, அவர் நிமா மஞ்ச்ரேக்கருடன் சேர்ந்து தொகுத்து 2013இலும் 2015இலும் வெளிவந்த தெற்காசியப் பாலூட்டிகள் பற்றிய இரண்டு தொகுதிகளை விலைக்கு வாங்கவோ இரவல் பெறவோதான் வேண்டும்.