முதலில் யார் கையிலிருந்து பணம் போகும்? பேரிடர் அபாயக் குறைப்பு மானியங்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு குடியிருப்போர் சங்கமோ மகளிர் குழுவோ ஊர்க்குழுவோ அடுத்த வெள்ளத்துக்கும் புயலுக்கும் நிலச்சரிவுக்கும் முன்பே ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்ததும் எழும் முதல் கேள்வி பணம்தான். மானிய அறிவிப்பைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் தொகைக்குப் போகிறது. தொகையை மூன்றாவதாகப் பாருங்கள் என்பது என் கருத்து. வேலை நடக்கும்போது யார் கையிலிருந்து பணம் போகிறது, அதாவது மானியம் முன்பணமாக வருகிறதா, இல்லை செலவழித்து ரசீது காட்டிய பிறகு வருகிறதா என்பது முதலில். வேலை பாதியில் இருக்கும்போது நிலைமை மாறினால் திட்டத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்தது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று போட்டி போல் தெரியும் வழிகள் வேறுவேறு ஆட்களுக்கானவை என்பது புரிந்துவிடும்.

பெரிய அரசுப் போட்டி மானியங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஆசைப்பட்டு அதிகம் பேர் களைத்துப்போவது இங்கேதான். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த 'பிரிக்' என்ற பேரிடர்த் தடுப்பு மானியத் திட்டம் நல்ல உதாரணம். பொதுவாகச் செலவில் 75% மத்திய அரசு தரும், மீதி 25% உள்ளூர்த் தரப்பிலிருந்து வர வேண்டும்; வசதி குறைந்த சிறிய ஊர்களுக்கு மட்டும் 90% வரை. நிதி பெரும்பாலும் செலவழித்த பிறகு திரும்பப் பெறும் முறையில்தான் வரும். மாநிலங்களும் பழங்குடி அரசுகளும் விண்ணப்பிக்கும், அவற்றின் கீழே உள்ளாட்சிகள் வரும், சமூக அமைப்புகள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் 'டிசாஸ்டர் ரெடி ஃபண்ட்' 2023 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை ஒதுக்குகிறது. அங்கும் மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பாதிதான், விண்ணப்பம் மாநில அரசின் முகமை வழியாகத்தான் போகிறது. இந்தப் பாதிப் பங்கை ஒரு நகராட்சி தன் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழுவால் முடியாது.

இந்த வழியில் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு: செலவு-நன்மைக் கணக்கு. ஒரு ரூபாய் போட்டால் ஒரு ரூபாய்க்கு மேல் இழப்பு தவிர்க்கப்படும் என்று காட்டச் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கத் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வும் மத்திய அரசின் தடுப்பு மானியங்களில் ஒரு டாலருக்குச் சராசரியாக 6 டாலர் மிச்சமாகிறது என்றுதான் சொன்னது. ஆனால் தவிர்க்கப்படும் இழப்பைப் பெரும்பாலும் கட்டடத்தின் மதிப்பை வைத்தே கணக்கிடுகிறார்கள். விலை உயர்ந்த வீடுகள் நிறைந்த தெருவும் தகரக் கூரை போட்ட குடியிருப்பும் ஒரே வெள்ளத்தில் மூழ்கினால், காகிதத்தில் முதல் தெருவைக் காப்பதற்குத்தான் அதிக 'நன்மை' வரும், இரண்டாவதில் அதிக மக்கள் இருந்தாலும். போதாக்குறைக்கு எதிர்கால நன்மையின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி விகிதம் வேறு. அமெரிக்காவில் நீண்ட காலம் 7% என்று வைத்திருந்தார்கள், அந்தக் கணக்கில் 30 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 டாலர் நன்மைக்கு இன்றைய மதிப்பு சுமார் 13 டாலர்தான். மெதுவாக வளர்ந்து பலன் தரும் மரங்களுக்கும் சதுப்பு நிலத்துக்கும் இந்தக் கணக்கு எவ்வளவு பாதகம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அரசியல் காற்று. 2025 ஏப்ரலில் பிரிக் திட்டத்தையே நிறுத்துவதாக அறிவித்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. இடைப்பட்ட காலத்தில் பொறியியல் வரைபடத்துக்கும் மண் பரிசோதனைக்கும் கைப்பணம் போட்டிருந்த ஊர்களின் நிலையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இருந்தும் இந்த வழியை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். ஆற்றங்கரையை உயர்த்துவது, நகரின் முதன்மை வடிகாலை மாற்றுவது, மருத்துவமனையை நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி பலப்படுத்துவது எல்லாம் சின்னப் பணத்தில் நடக்காது. அந்த மாதிரி வேலையில் குழு செய்ய வேண்டியது உள்ளாட்சியை விண்ணப்பிக்க வைப்பதும், எந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற தன் அறிவை அந்த விண்ணப்பத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான். விண்ணப்பதாரராக நிற்பது குழுவின் வேலை அல்ல.

இதற்கு நேரெதிர், சர்வதேசச் சிறு மானியங்கள். 1992-இல் தொடங்கி ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடக்கும் 'உலகச் சுற்றுச்சூழல் வசதி' என்ற பன்னாட்டு நிதி அமைப்பின் சிறு மானியத் திட்டம் இவற்றில் மூத்தது. பல ஆண்டுகளாக ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 50,000 டாலராக இருந்தது. பணம் நேராகச் சமூக அமைப்புக்கே போகும், தவணை தவணையாக, முதல் தவணை வேலைக்கு முன்பே. ஒவ்வொரு நாட்டிலும் தேர்வு செய்யும் குழுவில் அரசு சாராதவர்களுக்கே பெரும்பான்மை. எழுத்து வராத சமூகங்கள் உள்ளூர் மொழியிலோ வீடியோவாகவோ திட்டத்தைச் சொல்லவும் இடம் கொடுத்திருக்கிறார்கள், இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம், ஏனென்றால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே நிதி போய்ச் சேருவதுதான் இந்தத் துறையின் பழைய நோய்.

ஆனால் அது சுற்றுச்சூழல் நிதி. அலையாத்தி வளர்ப்பு, மலைச்சரிவில் மண் அரிப்பைத் தடுப்பது, வறட்சிக்கு நீர்ப்பிடிப்பு என்றால் கச்சிதமாகப் பொருந்தும். அபாயச் சங்கு, மீட்புப் படகு, தன்னார்வலர் பயிற்சி என்றால் இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கும், அப்படி இழுக்கும்போது குழு தனக்குத் தேவையானதை விட்டுவிட்டு நிதி தருபவருக்குப் பிடித்ததைச் செய்யத் தொடங்கிவிடும். சிறு மானியத்துக்குப் பொதுவான இன்னொரு பலவீனமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு தெருவின் வடிகாலை நன்றாகக் கட்டினால் அந்தத் தண்ணீர் வேகமாக அடுத்த தெருவுக்குப் போகும். பணம் ஒரு குழுவுக்கு, ஆனால் வெள்ளம் முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் சொந்தம். கீழ்ப்பக்கத்து மக்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விண்ணப்பம் எழுதுவது அபாயத்தைக் குறைப்பதாகாது, அபாயத்தை அடுத்தவர் வாசலில் வைப்பதாகும்.

இடைத்தரகு அமைப்புகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் பெரிய நன்கொடை நாடுகளும் உதவி அமைப்புகளும் சேர்ந்து செய்த உடன்பாட்டில், மனிதாபிமான நிதியில் 25% 2020-க்குள் முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அது நடக்கவில்லை. இன்றும் பெரும்பாலான பணம் ஒன்றிரண்டு கை மாறித்தான் வருகிறது. கை மாறுவதே தவறு என்று சொல்லவில்லை, நல்ல இடைநிலை அமைப்பு கணக்கு எழுதவும் தணிக்கைக்கும் துணை நிற்கும். ஆனால் மேலே இருப்பவருக்கு நிர்வாகச் செலவுக்கென்று ஒரு சதவீதம் கிடைக்கும், கடைசியில் வேலை செய்யும் குழுவுக்கு 'திட்டச் செலவு மட்டும்' என்று சொல்லிவிடுவார்கள். கணக்காளர் சம்பளம், பயணம், தொலைபேசி எல்லாம் யார் கொடுப்பது? இதை முதல் பேச்சுவார்த்தையிலேயே கேட்டுவிட வேண்டும், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: உள்ளாட்சியின் சொந்த பட்ஜெட்டில் சட்டப்படி ஒதுக்கப்பட்ட பங்கு. பிலிப்பைன்ஸில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் (எண் 10121) ஒவ்வோர் உள்ளாட்சியும் வழக்கமான வருவாய் மதிப்பீட்டில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அதில் 30% உடனடி நிவாரணத்துக்கு, மீதியைத் தடுப்புக்கும் தயார்நிலைக்கும் பயன்படுத்தலாம். செலவாகாத பணம் ஐந்து ஆண்டுகள் தனிக் கணக்கில் இருந்துவிட்டு அப்புறம்தான் பொது நிதிக்குத் திரும்பும். உள்ளாட்சிப் பேரிடர்க் குழுவில் அங்கீகாரம் பெற்ற நான்கு சமூக அமைப்புகளுக்கு இடம் உண்டு. அதாவது இங்கே விண்ணப்பம் எழுதுவதைவிடக் குழுவில் ஒரு நாற்காலியைப் பிடிப்பதும், பட்ஜெட் தயாராகும் மாதத்தில் போய் உட்காருவதும்தான் வேலை.

கென்யாவில் இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறார்கள். இசியோலோ மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்குப் போன பருவநிலை நிதியில் 70% வார்டு அளவில் மக்கள் தேர்ந்தெடுக்கும் வேலைகளுக்கு, 20% மாவட்ட அளவு வேலைகளுக்கு, 10% நிர்வாகத்துக்கு என்று பிரித்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த வார்டுக் குழுவே எந்த வேலை முதலில் என்று சொல்லும். வறண்ட பகுதி என்பதால் நீர் ஆதாரங்களே பெரும்பாலும் முன்னுக்கு வந்தன. மகுவேனி மாவட்டம் தன் வளர்ச்சி பட்ஜெட்டில் 1 சதவீதத்தை இதற்கென விதியாகவே எழுதிவைத்தது. 2011-இல் பூட்டானிலும் கம்போடியாவிலும் தொடங்கிய ஐ.நா. மூலதன வளர்ச்சி நிதியத்தின் 'லோக்கல்' திட்டமும் இதே திசையில் போவதுதான்: பணம் உள்ளாட்சிக் கருவூலத்துக்குள் வழக்கமான ஒதுக்கீட்டோடு கூடுதலாகப் போகும், ஆண்டுதோறும் செயல்பாட்டை மதிப்பிட்டு அடுத்த ஆண்டுத் தொகையை முடிவு செய்வார்கள்.

இதன் பலவீனமும் வெளிப்படையானது. தலைவர் மாறினால் முன்னுரிமை மாறும், தடுப்புப் பணம் சாலைக்கும் வாகனத்துக்கும் போகும் சபலம் எப்போதும் உண்டு, உள்ளாட்சியில் பெயரே இல்லாத, பட்டா இல்லாத குடியிருப்புகள் பட்டியலுக்கே வராது. ஆனாலும் ஆண்டுதோறும் வரும் பணம் என்பது சாதாரண விஷயம் இல்லை. பேரிடர்த் தடுப்பு ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல, ஒவ்வொரு மழைக்கு முன்பும் வடிகாலைத் தூர்வார வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்த குடும்பங்களுக்கு வெளியேறும் வழியைக் காட்ட வேண்டும். ஒன்றரை ஆண்டு மானியம் அந்த வேலைக்கு எப்படிப் போதும்?

குழுவின் சொந்தச் சேமிப்பு நிதியை இந்த மூன்றுக்கும் போட்டியாக வைப்பது சரியில்லை என்றாலும் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆசிய வீட்டுரிமைக் கூட்டணி 2009-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு சிறு வேலைக்கு அதிகபட்சம் 3,000 டாலர், ஒரு நகரத்துக்கு இப்படி 15,000 டாலர் என்று வேண்டுமென்றே சின்னதாக வைத்தார்கள். சேமிப்புக் குழுக்கள் அதை வைத்து நடைபாதை, வடிகால், சிறு பாலம் என்று தாங்களே கட்டினார்கள், அந்தச் செயலைக் காட்டி நகராட்சியோடு பேச உட்கார்ந்தார்கள். தொகை சின்னது என்பதால் ஒப்பந்தக்காரர் ஆர்வம் காட்ட மாட்டார், முடிவு குழுவிடமே இருக்கும். சுழல் நிதியில், அதாவது கடனாகக் கொடுத்துத் திரும்பி வரும் பணத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் முறையில், மட்டும் ஒரு கவனம் தேவை. ஒரு குடும்பம் தன் கூரையைக் கட்டிப் பலப்படுத்தக் கடன் வாங்கினால் திருப்பிக் கட்டலாம், பலன் அந்தக் குடும்பத்துக்கே. பொது வடிகாலுக்குக் கடன் எடுத்தால் யார் கட்டுவது என்ற சண்டை வரும், ஏழைக் குடும்பம்தான் முதலில் நழுவும். பொது நன்மைக்கு மானியம், தனி வீட்டு நன்மைக்குச் சுழல் கடன் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பேரிடர் நடந்த உடனே சில நாட்களில் தரப்படும் நுண்மானியங்களும் இருக்கின்றன, ஓரிரு பக்க விண்ணப்பம், பொதுக்கூட்டத்தில் கணக்கு. அவை மீட்சிக்கானவை, தடுப்புக்கு நேரடியாக உதவாது, ஆனால் அவ்வளவு எளிய நடைமுறையிலும் பணம் ஒழுங்காகச் செலவாகும் என்பதற்கு நல்ல சான்று. நிதி தருபவர் நூறு பக்கம் கேட்கும்போது இதைச் சுட்டிக்காட்டலாம்.

சரி, எதை எடுப்பது? வங்கிக் கணக்கும் ஒரு முறையாவது தணிக்கை செய்த கணக்குப் புத்தகமும் இல்லாத புதுக் குழு என்றால் சொந்தச் சேமிப்பும் மிகச் சிறிய மானியமும்தான், வேறு எதற்கும் போக வேண்டாம். இரண்டு மூன்று வேலை முடித்த குழு என்றால் முன்பணம் தரும் சிறு மானியத்துக்குப் போங்கள், அதே நேரத்தில் உள்ளாட்சிக் குழுவில் இடம் கேளுங்கள், இரண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைக்காதீர்கள், ஏனென்றால் மானியம் முடியும் நாளில் பராமரிப்பை ஏற்க உள்ளாட்சி தயாராக இருக்க வேண்டும். செலவழித்துவிட்டுத் திரும்பப் பெறும் மானியத்தை, இடையில் பணம் போட ஓர் உள்ளாட்சியோ பெரிய அமைப்போ எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை தொடவே வேண்டாம். ரசீதுக்கான பணம் வர நாலைந்து மாதம் தாமதமானால் கூலி பாக்கி நிற்பது உங்கள் ஊர் ஆட்களிடம்தான், அதற்குப் பிறகு அடுத்த கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

எந்த வழியானாலும் கையெழுத்துக்கு முன்பு ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். செலவுத் தலைப்புகளுக்குள் எத்தனை சதவீதம் வரை அனுமதி கேட்காமல் மாற்றலாம் என்பது ஒன்று. வேலை நடக்கும் காலத்திலேயே பேரிடர் வந்துவிட்டால் மீதிப் பணத்தை அவசரத்துக்குத் திருப்ப முடியுமா என்பது இன்னொன்று, தடுப்பு மானியமாக இருந்தும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கடைசியாக, திட்டம் முடிந்ததும் சங்கும் பம்பும் படகும் யார் பெயருக்குப் போகும், பேட்டரிக்கும் டீசலுக்கும் பழுதுக்கும் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பது. இந்த மூன்றாவது வரி இல்லையென்றால் உள்ளாட்சியிடமிருந்து பராமரிப்புத் தீர்மானம் ஒன்றை எழுதி வாங்கி ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.