ஹாலுக்கு ஒரு டிவி: கடையில் தெரியாத விஷயங்கள்

எங்கள் ஹாலில் இருப்பது 55 அங்குல 4கே (ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள்) எல்இடி டிவி. பேனல், அதாவது படம் தெரிகிற திரை, விஏ என்ற வகை. 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை படம் புதுப்பிக்கும். வாங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டது. காலையில் செய்தி, மாலையில் சீரியல், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு எனக்கு ஒரு படம் என்று நாள் முழுக்க ஓடுகிற டிவி. கடையில் வரிசையாக மாட்டி வைத்திருக்கும்போது எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். வீட்டுக்கு வந்து சில மாதம் போன பிறகுதான் எது முக்கியம், எது வெறும் அட்டைப்பெட்டி வாசகம் என்று பிரிய ஆரம்பிக்கிறது.

முதலில் அளவு. படம் பார்க்கும்போது திரையின் அகலம் நம் பார்வையில் சுமார் 30 பாகையாவது அடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 55 அங்குலத்துக்கு அது ஏழரை அடி தூரம், 65க்கு ஒன்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் சோபா எட்டடியில் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் செய்தித்தாள்களை 122க்கு 69 சென்டிமீட்டர் அளவில் ஒட்டி, சுவரில் கொஞ்ச நாள் மாட்டி வைத்தோம். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் 43 போதும் என்று சொன்னவர்கள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 4கே என்பதைப் பெரிதாக நினைக்க வேண்டாம், இந்த அளவில் இப்போது கிட்டத்தட்ட எல்லாமே 4கேதான். எட்டடியில் உட்கார்ந்து நல்ல ஃபுல் எச்டி படத்தையும் 4கே படத்தையும் பிரித்துச் சொல்வது சாதாரணக் கண்ணுக்குக் கஷ்டம். பழைய எஸ்டி சேனல் போட்டால் மட்டும் உடனே தெரிந்துவிடும், எழுத்தெல்லாம் கசங்கி நிற்கும்.

இவ்வளவு காலத்தில் தினமும் கண்ணில் படுகிற விஷயம் பேனல்தான். விஏ பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000க்கு 1 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் சுமார் 1000க்கு 1. விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி பார்த்தால் விஏ-வில் கறுப்பு கறுப்பாக இருக்கும், ஐபிஎஸ்ஸில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். ஆனால் விஏ-வை நேர் எதிரே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அம்மாவின் நாற்காலி ஜன்னலோரம், திரைக்கு நன்றாகப் பக்கவாட்டில். "என்னடா, எல்லார் மூஞ்சியும் வெளுத்துப் போயிருக்கு" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். நாற்காலியை மூன்றடி நகர்த்தியதும் சரியாகிவிட்டது. ஹாலில் நாலா பக்கமும் ஆட்கள் உட்காருகிற வீடென்றால், கறுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஐபிஎஸ் எடுப்பதே மேல்.

இரண்டுமே வேண்டுமென்றால் ஓஎல்இடி இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பு, பக்கவாட்டிலும் நிறம் மாறாது. எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்று விட்டோம். செய்தி சேனலின் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும். ஓஎல்இடியில் அது வருடக்கணக்கில் நிரந்தரத் தடமாகப் பதிய வாய்ப்பு உண்டு. தவிர, பகல் முழுக்க ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஹாலில் அந்தக் கறுப்பின் அருமை பாதி காணாமல் போய்விடும்.

எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் விரிவாகத் தெரியும்படி தயாராகும் படம்) என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 1000 நிட்ஸும் அதற்கு மேலும் மனதில் வைத்துத் தயாராகிற படங்களை, 300 நிட்ஸ் சொச்சம் தருகிற, லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கை மங்க வைப்பது) இல்லாத திரை என்ன செய்யும்? சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சில இருட்டுக் காட்சிகளை நான் எச்டிஆரை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.

செட்டிங்கில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 'விவிட்' மோடை விட்டுவிட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். முதலில் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். கண் பழகிய பிறகு பழைய மோடுக்குப் போனால் எல்லாம் நீலமாகத் தெரியும். மோஷன் ஸ்மூத்திங் என்பதையும் படத்துக்கு அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தில் அது தானாக நடுநடுவே ஃபிரேம்களைச் செருகி, சினிமாவைச் சீரியல் ஆக்கிவிடும். விளையாட்டு பார்ப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மோசம். ஒல்லி டிவியில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கிறது, வசனம் அமுங்கிவிடுகிறது. ஒரு சவுண்ட்பாரை (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) ஏஆர்சி என்று எழுதிய, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்த போர்ட் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். செட்டாப் பாக்ஸுக்கும் மற்றதுக்கும் மீதி எத்தனை போர்ட் என்று வாங்கும்போதே எண்ணிவிடுங்கள்.

முதலில் கிழடு தட்டியது பேனல் இல்லை, சாஃப்ட்வேர். ரிமோட்டை அழுத்தினால் கர்சர் யோசித்து யோசித்து நகர்ந்தது. ஃபேக்டரி ரீசெட் கொஞ்ச நாள் தாங்கியது. அப்புறம் ஆப்களைத் தானே ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியில் செருகினேன், டிவியின் சொந்த ஆப்களைத் தொடுவதே இல்லை. நாம் என்ன பார்க்கிறோம் என்று கவனித்து அனுப்பும் ஏசிஆர் வசதி பிரைவசி மெனுவில் ஒளிந்திருந்தது, அதையும் அணைத்தாயிற்று. ஆகவே 'ஸ்மார்ட்' அம்சங்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். அந்தக் காசை பேனலுக்கோ சவுண்ட்பாருக்கோ போடலாம்.

இன்னொன்று, கால்கள். பல மாடல்களில் இரண்டு காலும் டிவியின் இரு ஓரத்தில் இருக்கும். மேஜை அதைவிடக் குறுகலாக இருந்தால் சுவரில்தான் மாட்ட வேண்டும். திரையின் அளவோடு கால்களுக்கு நடுவே உள்ள அகலத்தையும் குறித்துக்கொண்டு போங்கள்.