தொட்டித் தண்ணீரும் வெட்டுத்துண்டும்: கொழிஞ்சாம்பாறை கணித டியூஷன், நான்கு மாத அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில், ஒரு மாடி அறையில், சனி ஞாயிறு மாலைகளில் நடக்கும் பத்தாம் வகுப்புக் கணித டியூஷனுக்கு என் மகளை நான்கு மாதங்களாக அனுப்பி வருகிறேன். கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் பாடு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: பாலக்காட்டுக்குப் போனால் மலையாளத்தில் நடத்துவார்கள், பொள்ளாச்சிக்குப் போனால் தமிழ்நாட்டுப் பாடத்தை நடத்துவார்கள். வேறு வழியில்லை என்பதற்காகவே ஒரு வகுப்பைப் புகழ்ந்துவிடக் கூடாது என்பதால், பின்வரிசையில் அமர்ந்து நானே கேட்ட ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நேரிய சார்பு (வரைந்தால் நேர்கோடாக வரும் சார்பு) ஒன்றின் இரண்டு மதிப்புகளைத் தந்துவிட்டு, அதன் கோடு இரண்டு அச்சுகளையும் எங்கே வெட்டுகிறது என்று கேட்கும் கணக்கு அது.

டீச்சர் சூத்திரத்தில் தொடங்கவில்லை. தோப்புத் தொட்டி ஒன்றிலிருந்து மோட்டார் சீராக நீர் இறைக்கிறது. 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 1100 லிட்டர் இருக்கிறது, 5 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 200 லிட்டர்தான் மிச்சம். மோட்டார் போடும்போது எவ்வளவு இருந்தது, எப்போது காலியாகும் என்று கேட்டார். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது. 3 மணி நேரத்தில் 900 லிட்டர் குறைந்திருப்பதால் மணிக்கு 300 லிட்டர் என்றும், முதல் 2 மணி நேரத்தில் போன 600 லிட்டரைத் திரும்பச் சேர்த்தால் தொடக்கத்தில் 1700 லிட்டர் என்றும், மிச்சமிருக்கும் 200 லிட்டர் தீர இன்னும் 40 நிமிடம் ஆகும் என்றும் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் மணிக்கு ஆகும் மாற்றமான சாய்வு −300, கோடு ஒய் அச்சை வெட்டும் இடமான ஒய் வெட்டுத்துண்டு 1700, எக்ஸ் அச்சை வெட்டும் இடமான எக்ஸ் வெட்டுத்துண்டு 17/3 (அதாவது 5 மணி 40 நிமிடம்) என்ற பெயர்களும், எஃப்(எக்ஸ்) = 1700 − 300எக்ஸ் என்ற வடிவமும் கரும்பலகைக்கு வந்தன. மோட்டார் என்று சொன்னதிலும் ஒரு கவனம் இருக்கிறது. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும் என்பதால் அங்கே நேர்கோடு வராது.

முதல் பாடமான கூட்டுத் தொடர்வரிசையோடு (ஒவ்வொரு படியிலும் ஒரே அளவு மாறும் எண் வரிசை) இதை அவர் இணைத்த விதமும் நன்றாக இருந்தது. மூன்றாம் உறுப்பு 13, ஏழாம் உறுப்பு 29 என்றால் பொது வித்தியாசம் 4 என்று பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். அப்படியானால் முதல் உறுப்புக்கும் ஒரு படி முன்னால், பூச்சியமாவது உறுப்பு என்று ஒன்று இருந்தால் அது என்ன என்று கேட்டு, 1 என்ற விடையை வாங்கி, அதுதான் ஒய் வெட்டுத்துண்டு என்று முடித்தார்.

என் மகள் நெடுநாளாகச் செய்துவந்த பிழையும் அன்றுதான் தீர்ந்தது. எக்ஸ் வெட்டுத்துண்டைக் காண எக்ஸுக்குத்தானே பூச்சியம் போட வேண்டும் என்று அவள் கேட்டபோது, டீச்சர், “எக்ஸ் அச்சு மேல நிக்கிறவனுக்கு உயரம் ஏது?” என்று திருப்பிக் கேட்டார். உயரம் என்பது ஒய், அதாவது சார்பின் மதிப்பு. அதைத்தான் பூச்சியமாக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, “அப்பா, நான் இத்தனை நாளும் தலைகீழாப் போட்டிருக்கேன்” என்று பழைய நோட்டை எடுத்துத் திருத்தினாள்.

குறைகளும் உண்டு. வகுப்பில் தரும் ஜெராக்ஸ் தாளில் இதே கணக்குக்கு விடை 5.6 என்று அச்சாகியிருந்தது. 5.6 மணி நேரத்தில் தொட்டியில் இன்னும் 20 லிட்டர் இருக்கும், ஆகவே அது வெட்டுத்துண்டே அல்ல. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் அதை 5 மணி 6 நிமிடம் என்று படித்தான். 17/3 என்று பின்னமாகவே விட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது.

அடுத்தது, குறை எண்கள் வரும் கணக்கில் காட்டிய அவசரம். எஃப்(−2) = 7, எஃப்(4) = −5 என்று தந்தபோது, பாதிப் பேர் 4-இலிருந்து 2-ஐக் கழித்துச் சாய்வு −6 என்று எழுதினார்கள். −2-இலிருந்து 4 வரை 6 அலகு, இறக்கம் 12, எனவே சாய்வு −2, ஒய் வெட்டுத்துண்டு 3, எக்ஸ் வெட்டுத்துண்டு 1.5 என்று எண்கோட்டில் விரலை வைத்து எண்ணிக் காட்ட வேண்டிய இடம் அது. தொட்டிக் கணக்கில் காலம் குறை எண்ணாக வராது என்பதால், அந்த எடுத்துக்காட்டு இங்கே கைகொடுக்காது, வேறொன்று வேண்டும். டீச்சர் விடைகளைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

இரண்டு மதிப்புகளும் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தொடவே இல்லை. எஃப்(2), எஃப்(5) இரண்டும் 8 என்றால் கோடு எக்ஸ் அச்சுக்கு இணையாகப் போகும், அதை வெட்டவே வெட்டாது. எந்திரம்போலச் சாய்வு கண்டு அதால் வகுக்கும் பிள்ளை, இங்கே பூச்சியத்தால் வகுத்துவிட்டு விழிக்கும்.

அறையில் இரண்டு மின்விசிறிகள், இருபத்தைந்து பிள்ளைகள். மாதம் 500 ரூபாய். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு சேர்ப்பது நல்லது.

விடைத்தாளைப் பற்றி டீச்சரிடம் சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரத் தாளில் 5.6 அடிக்கப்பட்டு, பக்கத்தில் பேனாவால் 17/3 என்று எழுதியிருந்தது. சம மதிப்புக் கணக்கு இதுவரை வரவில்லை. மார்ச் மாதப் பரீட்சைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.